மறு: ஆன்டிஆக்சிடன்ட்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

சிஸ்பிளாட்டின் பெறும் புற்றுநோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆங்கிலம், சீனம், மலாய் மூன்றும் முடிந்துவிட்டன. தமிழ் மட்டும் "ஆன்டிஆக்சிடன்ட்" என்பதற்கான ஒரு சொல்லில் நிற்கிறது. பிளாட்டினம் அடங்கிய அம்மருந்து சிறுநீரக நுண்குழல்களின் உயிரணுக்களில் சேர்ந்து, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகளைப் பெருக்கி அவ்வுயிரணுக்களைச் சிதைக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின், வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின் முதலிய ஆன்டிஆக்சிடன்ட்கள் அச்சிதைவைக் குறைப்பதை எலிகளிடம் கண்டிருக்கிறார்கள். நோயாளிகளிடம் அது நிறுவப்படவில்லை, புற்றணுக்களையும் அவை காத்துவிடுமோ என்ற ஐயமும் இருக்கிறது. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையாக வாங்கி விழுங்க வேண்டாம் என்பதே கையேட்டின் செய்தி.

உங்களுள் பலர் தமிழ்நாட்டுப் பாடநூல் வழியில் "ஆக்சிஜனேற்றத் தடுப்பான்" என்றீர்கள். வேதியியல் வகுப்புக்கு அது பொருந்தும். ஆனால் அதே பக்கத்தில் மூன்று வரி மேலே, "சிறுநீரகத்தைக் காக்க உப்புநீர் ஏற்றப்படும்" என்று இருக்கிறது. படுக்கையில் கிடப்பவருக்கு ஏற்றுவதென்றால் இரத்தம் ஏற்றுவது, உப்புநீர் ஏற்றுவது. நேற்று அச்சுப்படியை வாசித்த என் மாமியார், "ஆக்சிஜன் ஏறாமல் தடுக்கிற பொருளா மஞ்சளில் இருக்கிறது?" என்று கேட்டார். இலங்கை வழக்கின் "ஒட்சியேற்ற எதிரி"யிலும் அதே ஏற்றம்தான்.

கொல்லி, காட்டி என்பவற்றைப் போல "சிறுநீரகக் காப்பி" என்று ஒருவர் முன்மொழிந்தார். விகுதியில் பிழையில்லை; காப்பிக் கடையில் நாள் விடியும் இந்தச் சிங்கப்பூரில் அதைப் பாலோடா, பாலில்லாமலா என்றுதான் கேட்பார்கள். "காப்பான்" என்று மாற்றினாலும் என் மறுப்பு நீங்காது: எலியிடம் கண்டதை மனிதருக்குச் சொல்லிலேயே உறுதியளித்துவிடுவோம்.

மறுமொழி:

தம்பி, செம்பில் களிம்பு போல உயிரை ஆணவம் பற்றியிருப்பதாகச் சைவ சித்தாந்தம் சொல்கிறது. செம்பு காற்றோடும் ஈரத்தோடும் கூடிப் பிறப்பதுதானே களிம்பு? "களிம்பகற்றி" என்று வையுங்கள். ஆங்கிலச் சொல்லை நிழல்போலத் தொடர்வதில் என்ன பெருமை? எல்லா அமிலங்களிலும் இருப்பது என்று தவறாக எண்ணியே பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் ஆக்சிஜனுக்கு அப்பெயரை வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லவே இல்லை.

மறுமொழி:

ஐயாவின் களிம்பை நானும் சுவைத்தேன். ஆயினும் தேக்காவில் எந்த மருந்துக்கடையில் களிம்பு கேட்டாலும் தோலில் தடவுவதைத்தான் எடுத்துத் தருவார்கள். மேலும், படிந்ததை அகற்றுவது வேறு. நாம் பேசுவது படியாமல் தடுப்பதை.

பெரும்பாலோர் பாடநூற் சொல்லின் பக்கமே நிற்பதால், நேரமின்மை கருதி இணங்குகிறேன். உடன்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். முதலில் வருமிடத்தில் "ஆன்டிஆக்சிடன்ட் எனப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்" என்று எழுதி, அதனடியில் "இது நீங்கள் சுவாசிக்கும் ஆக்சிஜனைத் தடுப்பதன்று" என்றொரு வரி சேர்த்திருக்கிறேன். அவ்வரியை நீக்கச் சொல்வோர் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.