பள்ளிக்குச் சொந்த இணையத்தளம் எதற்கு? நடந்ததைச் சொல்லுங்கள்

ஈசூன் அப்பா:

நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து சிங்கப்பூரில் சனிக்கிழமை காலையில் ஒரு தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பாலர் பள்ளிப் பிள்ளைகளிலிருந்து தொடக்கநிலை 4 வரை வருகிறார்கள். ஒரு சங்கம் தன் மாடியை இரவல் தந்திருக்கிறது. இதுவரை எல்லாம் வாட்ஸ்அப் குழுவிலும் ஃபேஸ்புக் பக்கத்திலும்தான் ஓடுகிறது. போன கூட்டத்தில் ஒருவர், "நமக்கென்று ஓர் இணையத்தளம் வேண்டாமா?" என்று எடுத்துவிட்டார். பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர், "யார் பார்க்கப் போகிறார்கள், யார் பராமரிக்கப் போகிறார்கள்?" என்றார்கள். டீ ஆறியதுதான் மிச்சம்.

பெரிய பள்ளியோ சின்ன வகுப்போ, ஒரு பள்ளியின் தளம் உங்களுக்குக் கைகொடுத்தது, காலை வாரிவிட்டது, எதுவானாலும் எழுதுங்கள். கொள்கை விளக்கம் வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

பொங்கோல் அம்மா:

மகனைத் தொடக்கநிலை 1-இல் சேர்க்க அலைந்த ஆண்டு இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. அவனுக்கு அண்ணன், அக்கா கிடையாது. நானோ கணவரோ படித்த பள்ளியும் பக்கத்தில் இல்லை. பெற்றோர் தொண்டூழியராகச் சேர்ந்து 40 மணி நேரம் உழைத்து 2பி என்ற முன்னுரிமைப் பதிவுக் கட்டத்தில் நுழைய வேலை விடவில்லை. ஆக, அப்படி எந்த முன்னுரிமையும் இல்லாதவர்களுக்கான 2சி கட்டம்தான். ஒரு கிலோமீட்டருக்குள் எந்தப் பள்ளி இருக்கிறது என்று ஒன்மேப் இணைய வரைபடத்தில் அளந்து பார்த்துவிட்டு, பள்ளிகளைத் தேடிப் பார்க்கும் கல்வி அமைச்சின் ஸ்கூல்ஃபைண்டரைத் திறந்தேன். முகவரி, தாய்மொழிகள், இணைப்பாட நடவடிக்கைகள் என்று எல்லாம் வரிசையாக இருந்தன. இரண்டு பள்ளிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே அச்சு. இரண்டிலும் தமிழ் உண்டு. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

அப்புறம்தான் அந்தந்தப் பள்ளியின் தளத்துக்குள் போனேன். ஒன்றில் தாய்மொழிக்கென்று ஒரே ஒரு பத்தி, அதுவும் மூன்று மொழிக்கும் பொதுவாக. மற்றதில் தாய்மொழி இருவார நிகழ்ச்சிப் படங்கள் இருந்தன. பிள்ளைகள் அம்மியில் மஞ்சள் அரைக்கிறார்கள், ஒரு பையனுக்கு மூக்கு வரை மஞ்சள், பின்னால் நிற்கும் ஆசிரியை வாய்விட்டுச் சிரிக்கிறார். எங்கள் வீட்டில் முடிவெடுத்தது அந்தப் படம்தான். பெரிய ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தமிழை யாரோ மனசு வைத்து நடத்துகிறார்கள் என்று தெரிந்தது. எந்தப் பட்டியலிலும் அது வராது.

இப்போது மகன் அங்கேதான் படிக்கிறான். சுற்றறிக்கை, கற்றல் பயணத்துக்கான ஒப்புதல் எல்லாம் பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் வந்துவிடுகிறது. 2019-இல் அது வந்த பிறகு பள்ளித் தளமே வீண் என்பார் என் கணவர். ஆனால் அது சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் போட்டு நுழையும் செயலி, பிள்ளை ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பெற்றோருக்கு. இன்னும் சேராதவர் எங்கே போய்ப் பார்ப்பார்? உங்கள் வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். உள்ளே இருப்பவர்களோடுதான் அது பேசும்.

ஜூரோங் வெஸ்ட் புதுவரவு:

நான் கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன். நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்தோம். வெளிநாட்டுப் பிள்ளைகள் தொடக்கநிலை 2 முதல் 5 வரை சேர ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேறினால், இடமிருக்கும் பள்ளியை அமைச்சே ஒதுக்கும். அதனால் தளம் பார்த்துப் பள்ளி தேடும் வேலை எங்களுக்கு இல்லை. பள்ளியின் பெயர் வந்த பிறகுதான் தளத்தைத் திறந்தோம்.

தொலைநோக்கு இருந்தது. இலக்கு, விழுமியங்கள், முதல்வர் உரை எல்லாம் இருந்தன. பள்ளிப் பாடல் இசையோடு இருந்தது. ஊரில் என் அம்மா அதைக் கேட்டுக் கேட்டுப் பாடவே கற்றுக்கொண்டார். பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்பது மட்டும் கண்ணில் படவில்லை. காலணி வெள்ளையா கறுப்பா? சிற்றுண்டிச்சாலையில் சைவம் கிடைக்குமா? மகள் கேட்ட முதல் கேள்வியே அதுதான், ஏனென்றால் அவளுக்கு முட்டை வாசம்கூட ஆகாது. கடைசியில் பாடநூல் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், சீருடைக் கடை திறந்திருக்கும் நேரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் காலணி விவரம் கிடைத்தது. சைவத்துக்குத் தொலைபேசியில்தான் கேட்டேன். அலுவலகத்தில் பேசிய அம்மா சிரித்துக்கொண்டே, "எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்" என்றார்.

எல்லோரும் கேட்பது தெரிந்தும் ஏன் எழுதிப் போடுவதில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

கடைசி பெஞ்சு:

தளமே வேண்டாம் என்பவன் கட்சி நான். எங்கள் குடியிருப்புப் பக்கம் இதே மாதிரி ஒரு வார இறுதி வகுப்பு இருந்தது. ஆர்வத்தில் தளம் தொடங்கினார்கள். செய்துகொடுத்த தம்பி கட்டாயத் தேசிய சேவைக்குப் போய்விட்டான், கடவுச்சொல்லும் அவனோடு போய்விட்டது. ஆடி மாதத்திலும் பொங்கல் விழாவுக்கு அழைப்பு தொங்கியது. அதைப் பார்த்து வகுப்பை மூடிவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. நானும் நினைத்தேன். தளமே இல்லாமல் இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கடைசி பெஞ்சு சொன்னதும் புதுவரவு சொன்னதும் ஒரே நோய்தான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அரசாங்கப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்தேன். "உங்களுக்குத்தான் கணினியில் தட்டத் தெரியுமே" என்று தளப் பொறுப்பையும் தலையில் கட்டினார்கள். 1997-இல் கல்வித் தகவல் தொழில்நுட்பத்துக்கான முதல் பெருந்திட்டம் வந்து, பள்ளிகளுக்குக் கணினி வரத் தொடங்கியிருந்த காலத்தை ஒட்டி இது. அப்போது தளம் இருந்தது பெருமைக்காக. பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண் காட்டும் பெட்டி, மேலே ஓடும் எழுத்து. அந்த எண்ணில் பெரும்பகுதி நாங்களே திறந்து திறந்து பார்த்ததுதான்.

தமிழ்ப் பக்கம் போடுவது அன்று தனிப் போராட்டம். தமிழை இணையத்தில் ஏற்றும் வேலை சிங்கப்பூரில் 1995-லேயே நடந்துவிட்டது. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமியும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் அதில் முன்னோடிகள். இந்த ஊர்த் தமிழர்கள் இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி இது. ஆனால் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியாக்கம் இருந்ததால், நான் ஏற்றிய பக்கம் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். பெற்றோர் பார்க்க முடியாத தமிழ்ப் பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படமாக வருடி ஒட்டினோம். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. இன்று உங்கள் வகுப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. எழுதினால் எந்தக் கைப்பேசியிலும் தெரியும், கூகிளில் தமிழில் தேடினாலும் கிடைக்கும்.

அடுத்த காலம் நிறுவனங்களிடம் கொடுத்துத் தளம் செய்த காலம். ஒரு தேதியை மாற்ற வேண்டும் என்றாலும் மின்னஞ்சல் போட்டுக் காத்திருக்க வேண்டும். புதுவரவு தேடிய காலணி விவரம் பொடி எழுத்தில் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: பள்ளிக்குள் யாரிடம் விஷயம் இருக்கிறதோ அவர் கையில் பக்கம் இருக்காது. பிறகு ஓப்பன் கவர்ன்மென்ட் புராடக்ட்ஸ் என்ற அரசாங்கத் தொழில்நுட்பக் குழு அரசாங்க அமைப்புகளுக்காக உருவாக்கிய, தளம் கட்டும் கருவியான ஐசோமர் வந்தது. பள்ளிகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. எல்லாப் பள்ளித் தளமும் இப்போது ஒரே சாயலில் இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வரம். ஒரு பள்ளியின் தளத்தில் பாடநூல் பட்டியல் எங்கே என்று கண்டுபிடித்தவர் அடுத்த பள்ளியிலும் தடுமாற மாட்டார். ஆசிரியரே உள்ளே போய்த் திருத்தலாம், ஐந்து நிமிட வேலை.

எங்கள் பள்ளியில் பெருமைக்கு இருந்த தளம் வேலைக்கு வந்தது அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவால்தான். ஜூலையில் தொடக்கநிலை 1 பதிவு தொடங்கினால் தொலைபேசி ஓயாது. அவர் மேசையில் ஒரு பழைய நாட்குறிப்பு இருக்கும். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அதில் கோடு போடுவார், ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுப்பார். மாணவர் பராமரிப்பு நிலையம் எத்தனை மணி வரை, பள்ளிப் பேருந்து எங்கள் புளோக்குக்கு வருமா, தமிழ் வகுப்பு பள்ளியிலேயே நடக்குமா இல்லை வேறு நிலையத்துக்குப் போக வேண்டுமா. ஒருநாள் நாட்குறிப்பை என் மேசையில் வைத்து, "சார், இதையெல்லாம் போடுங்களேன்" என்றார். முதல்வர் உரையைக் கீழே தள்ளிவிட்டு அவற்றைப் போட்டேன். முதல்வருக்கு லேசாக வருத்தம். அடுத்த ஜூலையில் அலுவலக அம்மா நிம்மதியாக மதிய உணவு சாப்பிட்டார்.

இன்னொன்று. 2020 ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை. கொவிட் பரவலால் பள்ளிகள் 8-ஆம் தேதி முதல் முழுமையாக வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறும் என்ற அறிவிப்பு வந்தது. செயலியில் செய்தி போனது. ஆனால் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் பாட்டி தாத்தாதானே, அவர்களிடம் அந்தச் செயலி ஏது? கால அட்டவணையையும், கணினி இல்லாதவர்கள் பள்ளியில் இரவல் வாங்குவது எப்படி என்பதையும் தளத்தின் முகப்பில் போட்டோம். யார் வேண்டுமானாலும், கடவுச்சொல் இல்லாமல், எந்தக் கைப்பேசியிலும் பார்க்க முடிந்தது.

ஈசூன் அப்பா, ஒருவர் கையில் மட்டும் கடவுச்சொல் இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் அப்புறம்.

மின்மினி:

இரண்டு விஷயம், சுருக்கமாக. பள்ளிப் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்டு எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, கூடவே ஓர் இணைப்பு. அரசாங்கப் பள்ளித் தளம் என்றால் முகவரி 'டாட் எம்ஓஇ டாட் இடியு டாட் எஸ்ஜி' என்று முடியும். இது வேறு எதிலோ முடிந்தது. பள்ளித் தளத்தைத் திறந்து பார்த்தேன், அப்படி ஒரு கட்டணமே இல்லை. அழித்துவிட்டேன். உங்களுடையது தனியார் வகுப்பு, அந்த முகவரி கிடைக்காது. ஆனால் டாட் எஸ்ஜி முகவரி வாங்கலாம். பதிவு செய்பவர் சிங்பாஸ் வழியாகத் தன் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்பதால் கண்டவர்கள் வாங்க முடியாது. கட்டண விவரம் ஒரே இடத்தில் இருந்தால் பெற்றோர் சரிபார்த்துக்கொள்ள வசதி.

இரண்டாவது, படங்கள். மஞ்சள் மூக்குப் பையனின் படம் அழகுதான், அவன் பெற்றோரிடம் கேட்டுத்தான் போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். தனியார் அமைப்புகளைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும். சேர்க்கைப் படிவத்திலேயே ஒப்புதல் கேட்டுவிடுங்கள். முகத்துக்குக் கீழே முழுப்பெயரும் வகுப்பும் போடுவது எனக்குப் பிடிக்காது, சட்டம் என்ன சொன்னாலும் சரி.

தெம்பனிஸ் தாத்தா:

நான் வேறு ஒரு காரணம் சொல்கிறேன். பள்ளி இருக்கும்போது தளம் எதற்கு என்று பேசுகிறீர்கள். பள்ளி போன பிறகு?

என் தம்பி உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். 1946-இல் அந்தப் பள்ளியைத் தொடங்கியது சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம். நாட்டின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியாக நின்று 1982-இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் பீட்டி ரோட்டில் உள்ள தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது. அந்தப் பள்ளிக் காலத்தில் இணையம் ஏது. அவனிடம் இருப்பது ஓரம் அரித்த ஒரே வகுப்புப் படம். அவன் வகுப்புத் தோழர்கள் யாரிடம் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

என் மகள் படித்த தொடக்கப்பள்ளியும் இன்று இல்லை, பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். ஆனால் அதற்குத் தளம் இருந்தது. தேசிய நூலக வாரியத்தின் சிங்கப்பூர் இணையக் காப்பகத்தில் தேடினோம், பழைய பக்கங்கள் கிடைத்தன. பள்ளி வரலாறு நாலு பத்தி, பள்ளிச் சின்னத்துக்கு விளக்கம், தமிழ் நாடகப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகளின் பெயர்கள். சில படங்கள் திறக்கவில்லை. மகள் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, யார் இப்போது எங்கே என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டத்தைத் திருத்தி 2019 ஜனவரி 31 முதல், டாட் எஸ்ஜி தளங்களைத் தனித்தனியாக அனுமதி கேட்காமலே வாரியம் சேமிக்கிறது. மின்மினி சொன்ன முகவரிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. வாட்ஸ்அப் குழுவை எந்த நூலகம் சேமிக்கும்?

கடைசி பெஞ்சு:

தாத்தா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் செத்துப்போன தளத்தையும் அவர்கள் சேமிப்பார்கள், அந்தப் பொங்கல் அழைப்போடு!

ஈசூன் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசிவிட்டேன். ஒரே ஒரு பக்கம், டாட் எஸ்ஜி முகவரியில். இடம், நேரம், எந்த வயது, கட்டணம், தொலைபேசி, அடுத்த விடுமுறை எப்போது. கூடவே முந்தைய ஆண்டு விழாக்களுக்கு ஒரு மூலை, ஒப்புதல் வாங்கிய படங்கள் மட்டும். கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்கும். தேதி போட்ட அறிவிப்பு எதையும் முகப்பில் வைப்பதில்லை என்றும் முடிவு, அதெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே போகட்டும். வரும் தொலைபேசிக் கேள்விகளை ஒரு நாட்குறிப்பில் எழுதிவைக்கும் வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நல்லது. ஏற்றுவதற்கு முன் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன். தமிழ் வகுப்புக்கு ஆள் சேர்க்கும் பக்கத்தில் 'தமிழ் கற்று கொள்ளுங்கள்' என்று இருந்தால் நான் முதல் ஆளாகத் தொலைபேசியில் கூப்பிடுவேன்.