பூனைப்புல் வேரில் வெள்ளையாகத் தெரிவது பூஞ்சையா?

மல்லிகா_மதுரை: நேத்து இங்க ஒருத்தர், "பூனை தின்னறதுக்குன்னு வீட்டுக்குள்ள கோதுமைப் புல் (அதான் பூனைப்புல்) வளர்த்தா ரெண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கும், பூனைக்கு விஷம்"னு எழுதியிருந்தார். அதைப் படிச்சுட்டு பக்கத்து வீட்டுப் பொண்ணு நல்லா முளைச்ச தட்டையே குப்பையில கொட்டிட்டா. எனக்கு அடங்கவே இல்லை. வேர்ல வெள்ளையாத் தெரியறது பூஞ்சை இல்லை, வேர்த்தூவி, அதாவது வேர்ல தானா வர்ற மெல்லிய முடி. சம்பா கோதுமையை ராத்திரி ஊற வெச்சு, அடியில ஓட்டை போட்ட தயிர் டப்பாவுல தேங்காய் நார்த்தூள் மேல பரப்பிப் பாருங்க. ஒவ்வொரு வேரையும் சுத்திப் பஞ்சு மாதிரி நிக்கும். தண்ணி தெளிச்சா வேரோட ஒட்டிப் படுத்துடும்.

ராஜா67: எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேட்கலாமே மேடம். பஞ்சு மாதிரி வெள்ளையா இருந்தா பூஞ்சைதான். எங்க வீட்டுல நாத்தமே வந்துச்சு.

மல்லிகா_மதுரை: நாத்தம் வந்தா பூஞ்சைதான், யார் இல்லைன்னு சொன்னா? தண்ணி தேங்கியிருக்கும், காத்து போயிருக்காது. பூஞ்சை விதை மேலயும் வலை மாதிரி படரும், போகப்போக சாம்பலாகும், கறுக்கும். வேர்த்தூவி வேரை விட்டு நகராது. தண்ணி தெளிச்சுப் பார்த்தீங்களா, இல்லையா?

அருகு_சேலம்: கோதுமை எதுக்கு? தொட்டியில அருகம்புல் வெச்சா முடிஞ்சுது.

ராஜா67: பூனை புல் தின்னாலே வயிறு சரியில்லைன்னு அர்த்தம். அதுக்கு டாக்டர்கிட்ட போகணும், பூஞ்சையை ஊட்டக் கூடாது.

மல்லிகா_மதுரை: டேவிஸ்ல இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடைக்காரங்க ஆயிரத்துக்கு மேல பூனை வளர்க்கிறவங்களைக் கேட்டு 2019-ல சொன்னாங்க. பத்துக்கு ஒன்பது பேர், தின்னறதுக்கு முன்னாடி பூனை நல்லாத்தான் இருந்துச்சுன்னாங்க. தெளிச்சீங்களா?

ராஜா67: அமெரிக்காக்காரன் சொன்னாத்தான் உங்களுக்கு வேதம். போன வருஷம் பால் விஷயத்துலயும் இப்படித்தான் என்னை ஓரங்கட்டுனீங்க. மறக்கலை.

கீதா_பரமக்குடி: முளைப்பாரி போட்ட கை என்னோடது. இருட்டறையில மஞ்சமஞ்சேன்னு வருமே, பூனைக்கும் அப்படியே வளர்க்கலாமா?

மல்லிகா_மதுரை: வேண்டாம் அக்கா. முளைவிடுற வரைக்கும் மூடலாம், அப்புறம் ஜன்னலோரம் வையுங்க. ஒரு வாரம் பத்து நாள்ல நாலு அங்குலம் வந்துடும். கோதுமையை மளிகைக்கடையில வாங்குங்க. விதைக்கடையில பூஞ்சைமருந்து கலந்திருப்பாங்க.

ராஜா67: பாருங்க, பூஞ்சை வரும்னு அவங்க வாயாலயே வந்துடுச்சு!

மல்லிகா_மதுரை: அது வயல்ல விதைக்கிறதுக்கு! அருகு சார், தெருவோர அருகுல களைக்கொல்லி அடிச்சிருப்பாங்க, பார்த்துக்குங்க.

அருகு_சேலம்: நான் தொட்டின்னு எழுதினேன். தெருன்னு எங்க எழுதினேன்? படிக்காமலே பதில் போடறது உங்க பழக்கம்.

மல்லிகா_மதுரை: இன்னிக்குப் புதுசா ஒரு டப்பா போட்டிருக்கேன். தெளிக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம் போடறேன். ராஜா சார் பார்த்துட்டுப் பேசட்டும்.

ராஜா67: படத்துல நாத்தம் தெரியாது மேடம்.