அவசரம்: பழைய எம்ஜி கார், எல்10எஸ் ஸ்பார்க் பிளக்குக்குப் பதில் எது போடலாம்?

தாத்தாவண்டி:
வணக்கம். தாத்தாவோட எம்ஜி கார் இப்ப எங்கிட்ட வந்திருக்கு. பத்து நிமிஷம் ஓடினா எஞ்சின் மிஸ்ஸாக, அதாவது விட்டு விட்டு எரிய, ஆரம்பிக்குது. நாலு பிளக்கையும் கழட்டினா ஒரே கரி. துடைச்சு மாட்டினா மறுபடி கொஞ்ச தூரம் போகுது. மேனுவல்ல சாம்பியன் கம்பெனி எல்10எஸ்னு போட்டிருக்கு, அந்த நம்பரைக் கேட்டா யாருக்கும் தெரியல. இப்ப வர்றதுல எது பொருந்தும்? ஞாயித்துக்கிழமை வண்டி எடுக்கணும், சீக்கிரம் சொல்லுங்க.

வால்வு வாசு:
எம்ஜில எந்த மாடல்? டிசி, டிடி, டிஎஃப், எம்ஜிஏ எல்லாமே எம்ஜிதான். எந்த வருஷம்? கரி வறண்டு மசி மாதிரி இருக்கா, எண்ணெய்ப் பிசுக்கோட ஈரமா இருக்கா? இப்ப மாட்டியிருக்கிற பிளக்குல என்ன நம்பர்?

ராஜா மெக்:
எல்10எஸ்க்குப் பதில் என்ஜிகே கம்பெனியோட பிபி6ஹெச்எஸ். கண்ணை மூடிட்டுப் போடலாம்.

எஸ்யூ சேகர்:
பிளக்கை விடுங்க. நாலுலயும் ஒரே மாதிரி கரின்னா மிக்சர் ரிச், அதாவது காத்துக்குத் தேவையானதைவிட பெட்ரோல் அதிகம். சோக் இழுத்து விட்ட பிறகு ரெண்டு கார்பரேட்டர்லயும் பெட்ரோல் வர்ற ஜெட் முழுசா மேல ஏறுதான்னு பாருங்க. ஒண்ணு பாதியில நின்னாலும் எந்தப் பிளக் போட்டும் பிரயோஜனம் இல்ல.

பெரியவர் முத்து:
தம்பி, இந்தக் கேள்விக்கு நானே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வேண்டும். பிளக் என்றால் நம்பர் மட்டும் அல்ல. மரையின் விட்டம், மரையின் நீளம், பிளக் எவ்வளவு சூட்டில் இயங்கும் என்று காட்டும் வெப்ப எண் என மூன்றும் பொருந்த வேண்டும். டிடி வண்டியாக இருந்தால் 14 மிமீ விட்டம், அரை அங்குல நீளம், அதாவது 12.7 மிமீ. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. என்ஜிகேயில் ஹெச் என்பது அந்த நீளம், ஈ என்பது 19 மிமீ. ராஜா சொன்ன பிளக் சரி.

இளங்கோ:
நான் என் வண்டிக்கு நடு முனை இரிடியம் உலோகத்துல செஞ்ச பிளக் போட்டேன், அப்புறம் பிளக் பக்கமே போகல. நடு முனை மெல்லிசா இருக்கிறதால குறைஞ்ச வோல்டேஜ்லயே பொறி தாவும். கரி பிடிக்கிற வண்டிக்கு அதுதான் வழி. இல்லன்னா வெப்ப எண்ணை ஏத்திப் போடுங்க, 6க்குப் பதில் 7. சூடா எரிஞ்சு கரி போயிடும்.

செல்வி:
இளங்கோ, வெப்ப எண் நேர் எதிர்மாறு. என்ஜிகேயில எண் கூடினா பிளக் குளிர்ச்சி, 7 போட்டா கரி இன்னும் அதிகமாப் பிடிக்கும். சூடு வேணும்னா 5. பாஷ், சாம்பியன் ரெண்டுலயும்தான் எண் கூடினா சூடு. கம்பெனி மாறினா எண்ணோட அர்த்தமும் மாறும், பழைய பிளக்குக்கு இணை தேடுறவங்க நிறையப் பேர் தடுக்கி விழுற இடம் இதுதான். பிளக் முனை சுமார் 450 டிகிரிக்கு மேல போனாத்தான் தன் மேல படிஞ்ச கரியைத் தானே எரிக்கும். 800ஐத் தாண்டினா பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும்.

தாத்தாவண்டி, வாசு கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, அது தெரியாம எல்லாரும் ஊகிச்சுட்டு இருக்கோம்.

ராஜா மெக்:
இரிடியம் எல்லாம் பாயிண்ட் வண்டிக்கு, அதாவது கரண்டை வெட்டிப் பொறி வரவைக்கிற தொடுமுனை இருக்கிற பழைய வண்டிக்கு, வேண்டாம். அதோட ஆர் எழுத்து இருக்கிற பிளக்கைத் தொடவே தொடாதீங்க. உள்ள ரெசிஸ்டர் இருக்கு, பொறி பாதியாயிடும்.

செல்வி:
ராஜா அண்ணா, பாதியாகாது. அந்த ரெசிஸ்டர் சுமார் 5 கிலோ ஓம். பொறி தாவுறதுக்கு முன்னாடி அது வழியா கரண்ட் கிட்டத்தட்ட ஓடுறதே இல்ல, அதனால இடைவெளிக்கு வர்ற வோல்டேஜ் குறையாது. தாவின பிறகு ஓடுற கரண்டைத்தான் அது கட்டுப்படுத்தும், ரேடியோ இரைச்சல் அடங்கும். பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிப்யூட்டர்ல பாயிண்டை எடுத்துட்டு எலக்ட்ரானிக் யூனிட் வச்சிருந்தா, ஆர் பிளக்கோ ரெசிஸ்டர் வயரோ ஏதாவது ஒண்ணு கட்டாயம் வேணும்.

ராஜா மெக்:
கணக்கு எனக்குத் தெரியாதும்மா. ஆர் பிளக்கைக் கழட்டிட்டு சாதா பிளக் போட்ட வண்டி ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆனதை என் கண்ணால பார்த்திருக்கேன்.

செல்வி:
அன்னைக்குப் பழைய பிளக்குக்குப் பதில் புதுப் பிளக் போட்டீங்க இல்லையா? அதனாலகூட இருக்கலாமே அண்ணா.

பாயிண்ட் பாலு:
பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தர்ற காயிலைப் பத்தி யாரும் பேசல. டிசி, டிடி, டிஎஃப்னு டி சீரீஸ் எல்லாம் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனை வண்டி பாடியில சேர்ந்திருக்கும். நடுவுல யாராவது நெகட்டிவ் எர்த்தா மாத்தி, காயில்ல ரெண்டு சின்ன வயரையும் இடம் மாத்தாம விட்டிருந்தா பொறி தலைகீழாப் போகும். சூடான நடு முனையிலிருந்து எலக்ட்ரான் கிளம்புறது சுலபம், பக்க முனையிலிருந்து கிளம்பக் கூடுதல் வோல்டேஜ் வேணும். பிளக் வயரை நல்ல இன்சுலேஷன் உள்ள இடுக்கியால பிடிச்சு, வயர் முனைக்கும் பிளக் தலைக்கும் நடுவுல பென்சில் முனையை வச்சுப் பாருங்க. பொறிச் சுடர் பிளக் பக்கம் விரிஞ்சா சரி. வயர் பக்கம் விரிஞ்சா தலைகீழ்.

தாத்தாவண்டி:
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். டிடி, 1951. கரி வறண்டதுதான், எண்ணெய் இல்ல. பிளக்குல எழுத்து அழிஞ்சு போச்சு. பாயிண்ட்தான். சோக் ஜெட் ரெண்டும் முழுசா மேல ஏறுது. தாத்தா இருந்தப்ப எஞ்சினை ஒருமுறை பிரிச்சுக் கட்டினாங்கன்னு அப்பா சொல்றார்.

பெரியவர் முத்து:
1951 டிடி என்றால் நான் சொன்ன அரை அங்குலமேதான். பிபி6ஹெச்எஸ் வாங்குங்கள்.

வால்வு வாசு:
பிரிச்சுக் கட்டினாங்கன்னு முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா! முத்து ஐயா, டிடியோட எக்ஸ்பிஏஜி எஞ்சின்ல பிளக் மாட்டுற மேல் மூடியான ஹெட் ரெண்டு விதம். முதல்ல வந்தது வாழைப்பழ வடிவத் தண்ணித் துளை இருக்கிற ஹெட், அதுக்கு அரை அங்குலப் பிளக். டிடி2 22735ஆம் எஞ்சினிலிருந்து வட்டத் துளை ஹெட் வந்துச்சு, அதுக்கு முக்கால் அங்குலம், சாம்பியன் என்ஏ8. பிரிச்சுக் கட்டினப்ப பின்னால வந்த ஹெட்டைத் தூக்கி வச்சிருந்தா 1951ங்கிற வருஷத்தை வச்சு எதுவும் சொல்ல முடியாது.

தாத்தாவண்டி தம்பி, பிளக்கைக் கழட்டிட்டு ஒரு மெல்லிய கம்பியோட நுனியைக் கொக்கியா வளைச்சு துளையில விடுங்க. மரை முடியுற உள் விளிம்புல கொக்கியை மாட்டி, வாஷர் உட்காருற இடத்துக்கு நேரா கம்பியில குறி போட்டு அளந்து பாருங்க. பிளக் மரையோட நீளத்தையும் அளக்கணும். அது வரைக்கும் எதையும் வாங்க வேண்டாம். குட்டை ஹெட்டுல நீளப் பிளக் போட்டா மரை உள்ள துருத்தும், பழுக்கக் காயும், பிஸ்டன்ல இடிச்சாலும் இடிக்கும். நீள ஹெட்டுல குட்டைப் பிளக் போட்டா பொறி பொந்துக்குள்ள வரும், கரி பிடிக்கும். உங்க வண்டிக்கு ரெண்டாவதுதான்னு என் மனசு சொல்லுது.

தாத்தாவண்டி:
அளந்தேன். துளை 19 மிமீ. பிளக் மரை 12.5 கிட்ட வருது.

செல்வி:
அதேதான் வாசு அண்ணா சொன்னது. என்ஜிகே பிபி6ஈஎஸ் வாங்குங்க. கொஞ்ச தூரமே ஓடுற வண்டின்னா பிபி5ஈஎஸ். ஆனா இத்தனை வருஷம் பிளக் எட்டாத கடைசி மரைகள்ல கரி இறுகியிருக்கும். பலத்தை வச்சு முறுக்கினா மரை போயிடும். 14க்கு 1.25 டேப்ல (மரை வெட்டுற கருவி) கிரீஸ் நிறையத் தடவி, நிதானமா விட்டு எடுங்க, கரி கிரீஸ்ல ஒட்டிட்டு வந்துடும். புதுப் பிளக்கைக் கையாலேயே கடைசி வரைக்கும் திருப்பணும், ஸ்பானர் அதுக்கு அப்புறம்தான், அரைச் சுத்துலிருந்து மூணுல ரெண்டு சுத்து. இடைவெளி மேனுவல்படி 0.020லிருந்து 0.022 அங்குலம். பெட்டியில வர்றது இதைவிட அகலமா இருக்கும், குறைக்கணும். மாட்டின பிறகு எஞ்சினைக் கையால ரெண்டு சுத்து சுத்தி எதுவும் இடிக்கலைன்னு பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

பெரியவர் முத்து:
ஹெட் மாற்றப்பட்ட வண்டி என்பது தெரியாமல் சொன்னேன். அளந்து பார்க்கச் சொன்னதே சரி. வாசுவின் பேச்சைக் கேளுங்கள்.

இளங்கோ:
இதே அளவுல இரிடியமும் வருது, யோசிச்சுப் பாருங்க.

ராஜா மெக்:
ஆர் இல்லாததா வாங்குங்க.

தாத்தாவண்டி:
பிபி6ஈஎஸ் போட்டாச்சு. டேப் விட்டப்ப கை நிறைய கரி வந்துச்சு. முக்கால் மணி நேரம் ஓட்டினேன், ஒரு மிஸ் கூட இல்ல. அப்பாவை உட்கார வச்சுத்தான் ஓட்டினேன். எல்லாருக்கும் நன்றி.

பாயிண்ட் பாலு:
சந்தோஷம். பென்சில் வச்சுப் பார்த்தீங்களா? சுடர் எந்தப் பக்கம்?