ஒளிப்படிகமா, ஒளியடுக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

"நானோபோரஸ் அலுமினா ஃபோட்டானிக் கிரிஸ்டல்" (nanoporous alumina photonic crystal) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று மூன்று நாளாக இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். உள்ளமைப்பு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதாலேயே சில நிற ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருளைத்தான் ஃபோட்டானிக் கிரிஸ்டல் என்கிறார்கள். "ஒளிப்படிகம்" என்று முன்மொழிந்த ஐயாவும், அதை "ஒளியணுப் படிகம்" என்று திருத்திய அம்மாவும் சொன்ன காரணங்கள் புரிகின்றன. ஆனாலும் இரண்டிலும் இருக்கும் "படிகம்" எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன வாரம் வேளச்சேரிப் பக்கத்திலிருந்து பிளஸ் டூ மாணவர்கள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தார்கள். விரல்நகம் அளவு அலுமினியத் தகடுகள் மூன்றைக் காட்டினேன்: ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று செம்பு நிறம். எதிலும் சாயம் கிடையாது. பச்சைத் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் ஏறியது. காய்ந்ததும் பழைய பச்சை திரும்பியது. இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். பழக்கத்தில் "அலுமினா ஒளிப்படிகம்" என்றேன். உடனே ஒரு மாணவி, "அப்போ இந்த அலுமினாவுல அணுக்கள் வரிசையா இருக்குமா சார்?" என்று கேட்டாள்.

இருக்காது. அமிலத்தில் வளரும் இந்த அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு, அணுக்கள் ஒழுங்கில்லாமல் இருக்கும் படிக வடிவமற்ற திண்மம். அவள் படித்த வேதியியல் பாடத்தில் படிகமும் படிக வடிவமற்றதும் எதிரெதிர். நான் சொன்ன பெயரே அவளைத் தவறான பக்கம் திருப்பிவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தத் தகட்டில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது அணுக்கள் அல்ல, துளைகளின் அகலம் கூடிக் குறையும் முறை. மிகத் தூய அலுமினியத்தை நேர்மின்வாயாக வைத்து ஆக்சாலிக் அமிலத்திலோ கந்தக அமிலத்திலோ மின்சாரம் பாய்ச்சினால், மேலே வளரும் ஆக்சைடு முழுக்கச் செங்குத்தான நுண்குழல்கள் உண்டாகின்றன. ஆக்சாலிக் அமிலத்தில் 40 வோல்ட் கொடுத்தால் குழலுக்குக் குழல் சுமார் 100 நானோமீட்டர் இடைவெளி. இவற்றைத் தேன்கூடு போல ஒழுங்காக வளர்க்கும் வழியை 1995இல் மசூடா, ஃபுகுடா என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்புறம் மின்னோட்டத்தைச் சீராக வைக்காமல் கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து ஓட்டினால், குழல் ஓரிடத்தில் அகன்றும் அடுத்த இடத்தில் ஒடுங்கியும் வளர்கிறது. அகன்ற இடத்தில் ஒளிவிலகல் எண் (ஒளி அங்கே எவ்வளவு மெதுவாகிறது என்பதைக் காட்டும் எண்) குறைவு, ஒடுங்கிய இடத்தில் அதிகம். இந்த இரண்டும் சேர்ந்த ஒரு சோடி 180 நானோமீட்டர் தடிமன், சராசரி ஒளிவிலகல் எண் 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக விழும் ஒளியில் 2 × 1.5 × 180, அதாவது 540 நானோமீட்டர் அலைநீளம் உள்ளே போக முடியாமல் திரும்பி வருகிறது. அதுதான் அந்தப் பச்சை.

சரி, "ஒளியணு", அதாவது ஒளித்துகளான ஃபோட்டான், எதற்கு? இயற்பியலாளர் லார்ட் ராலே 1887லேயே சீராக மாறிமாறி வரும் ஊடகத்தில் அலைகள் எப்படித் தடைபடும் என்று எழுதிவிட்டார். ஃபோட்டான் என்ற சொல்லைக் கில்பர்ட் லூயிஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1926இல். ராலே எழுதிச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1987இல், யாப்லனோவிச், ஜான் என்ற இயற்பியலாளர்கள் இதையே பல திசைகளுக்கு விரித்தார்கள். அலையை வைத்தே முழுதாக விளங்கும் ஒன்றுக்கு ஒளியணுவை இழுக்க வேண்டாம், "ஒளி" போதும். ஆனால் "ஒளிப்படிகம்" என்று வெறுமனே சொன்னால் இன்னொரு தொல்லை. ஒளிப்படம் இருக்கிறது, ஒளிநகலுக்கு ஒளிப்படி என்றும் எழுதுகிறோம். "ஒளிப்படிகளில்", "ஒளிப்படிகங்களில்" என்று இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

என் முன்மொழிவு: ஒளியடுக்கம்.

அடுக்கு என்றால் ஒன்றன்மேல் ஒன்று வைப்பது மட்டுமல்ல, திரும்பத் திரும்ப வருவதும்தான். "பாம்பு பாம்பு" என்பதை இலக்கணத்தில் அடுக்குத்தொடர் என்கிறோம். நன்னூலும் ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு முறை "அடுக்கும்" என்றுதான் சொல்கிறது. இந்தப் பொருளின் உயிரே அந்தத் திரும்ப வருதல்தான். ஒற்றைச் சோடியில் நிறம் வராது. பத்து, இருபது, நூறு என்று அடுக்க அடுக்கத்தான் பளபளப்பு கூடும்.

படலம் படலமாக இருப்பதற்கு மட்டும்தானே அடுக்கு பொருந்தும் என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். கோயம்பேட்டில் சாத்துக்குடியை அடுக்கி வைத்திருப்பதைப் பாருங்கள், அது மூன்று திசையிலும் அடுக்குதான். ஓப்பல் கல்லுக்குள் சிலிக்கா உருண்டைகள் அப்படித்தான் அமர்ந்திருக்கின்றன. மயில் கழுத்து இறகில் மெலனின் என்ற கருநிறமியின் கோல்கள் கட்டாகக் கட்டி அடுக்கியதுபோல வரிசையாக இருக்கின்றன. கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டது போன்ற ஒரு வகையை இயற்பியலாளர்களே விறகடுக்கு என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். இந்தச் சிலிக்காவும் மெலனினும்கூடப் படிகம் கிடையாது. ஆக ஒருதிசை ஒளியடுக்கம், இருதிசை ஒளியடுக்கம், முத்திசை ஒளியடுக்கம் என்று தடையில்லாமல் விரிக்கலாம்.

அடுத்தது "நானோபோரஸ்" என்பதில் வரும் துளை. "நுண்துளை" வேண்டாம், நுண் என்பதை மைக்ரோவுக்குப் பழக்கிவிட்டோம். துளை என்றாலும் புல்லாங்குழல் போல ஊடுருவிப் போவது நினைவுக்கு வருகிறது. இந்தக் குழல்களுக்கு அடிப்பக்கம் மூடியிருக்கும். அதனால் "நானோபுரை" என்பேன். புண் புரையோடியது என்கிறோமே, உள்ளுக்குள் குழலாக இறங்குவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. கண்புரை நினைவு வரும் என்பது நியாயமான கவலை. தேன்கூட்டை நினைவூட்டும் "கண்ணறை" நன்றாக இருக்குமா என்று யோசியுங்கள். அமிலத்தில் மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு வளர்ப்பதைக் குறிக்கும் "அனோடைசிங்" என்ற சொல்லை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அம்பத்தூரில் ஜன்னல் சட்டத்துக்கு நிறம் ஏற்றும் பட்டறையில் எல்லார் வாயிலும் அதுதான் புழங்குகிறது.

இந்தப் பொருளைப் பற்றிச் சொல்லும்போது வரும் "மாற்றத்தக்க ஒளியியல் பண்புகள்" என்ற தொடரில் எது மாறுகிறது என்றே தெரியவில்லை. நகர்வது தடைப்பட்டை, அதாவது உள்ளே போக முடியாத அலைநீளங்களின் பட்டை. மின்னோட்டத்தின் ஒரு சுற்றை நீட்டினால் சோடி தடித்துப் பட்டை சிவப்புப் பக்கம் போகும். வளர்ந்த தகட்டை நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்தால் புரைகள் அகலும். ஒளிவிலகல் எண் 1.4க்கு இறங்கினால் அந்த 540 நானோமீட்டர் 504 ஆகி, பச்சையில் நீலம் கலக்கும். தண்ணீர் புகுந்தால் மறுபடி சிவப்புப் பக்கம். ஆகவே "நகர்த்தத்தக்க தடைப்பட்டை" என்றே எழுதலாம்.

முழுப்பெயர்: நானோபுரை அலுமினா ஒளியடுக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளிக்கு ஒரு சுவரொட்டி அச்சடித்துக் கொடுக்கப்போகிறோம். புரையா கண்ணறையா என்பதை வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள். அந்த மாணவிக்குப் பதில் சொல்ல இன்னும் நல்ல சொல் இருந்தால் ஒளியடுக்கத்தையும் விட்டுக்கொடுக்கிறேன்.

அன்புடன்,
தரமணியிலிருந்து