மறு: மறு: யெட்டிக்குத் தமிழ்ல என்ன? ('பனிமனிதன்' வேணாம்)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை, இப்பதான் இழை முழுக்கப் படிச்சேன். இமயமலையில திரியுதுன்னு சொல்றாங்களே யெட்டி, அதுக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்னுதானே பேச்சு.

> பனிமனிதன்னு பழகிப்போச்சு, அதையே வச்சுக்கலாமே

பழகிப்போச்சுதான் அண்ணே, ஆனா எதுக்குப் பழகியிருக்குன்னு பாருங்க. நேத்து ரெண்டாவது படிக்கிற என் பொண்ணுகிட்ட பனிமனிதன் படம் போடுன்னேன். ரெண்டு உருண்டை, கேரட் மூக்கு, கழுத்துல மஃப்ளர், முடிஞ்சுது. அந்தச் சொல்லு பொம்மைக்குப் போயி ரொம்ப நாளாச்சு.

அதை விடுங்க, அந்தப் பேரு வந்த வழியே கோணல். 1921-ல எவரெஸ்டுக்கு வழி பாக்கப் போன பிரிட்டிஷ் குழு லக்பா லா கணவாயில பெரிய காலடித்தடங்களைப் பாத்தாங்க. தலைவர் ஹோவர்ட்-பரி அது ஓநாய்த் தடமா இருக்கும்னுதான் நினைச்சாரு, கூட வந்த சுமைகூலிகள்தான் 'மெத்தோ கங்மி'ன்னாங்க. கங்மின்னா பனியாள். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில எழுதிட்டிருந்த ஹென்றி நியூமன் 'மெத்தோ'வை அருவருப்பானதுன்னு தானா மொழிபெயர்த்து விட்டாரு, 'அபாமினபிள் ஸ்னோமேன்', அதாவது அருவருப்பான பனிமனிதன்னு உலகமே அதைப் புடிச்சுக்கிச்சு. அந்தத் தப்பு மொழிபெயர்ப்போட வாலைத்தான் நாம இப்ப தமிழாக்கிட்டு இருக்கோம்.

அந்த மலையிலேயே வாழற ஷெர்பாக்கள் சொல்ற 'யே-தே'ல பனியும் இல்ல மனுசனும் இல்ல. யே-ன்னா பாறை, தே-ன்னா விலங்கு, அந்த 'தே' கரடியைக் குறிக்கிற திபெத்தியச் சொல்லோட உறவுன்னும் சொல்றாங்க. மாடு அடிக்கிற பெருசுக்கு 'ட்சு-தே', மனுசச் சாயல் உள்ளதுக்கு 'மி-தே'ன்னு அவங்களே பிரிச்சு வச்சிருக்காங்க. பனியில தடம் நல்லாத் தெரியுது, அவ்வளவுதான், அதுக்காக அது பனியிலேயே குடியிருக்குன்னு ஆயிடுமா?

> பனிமந்தி எப்படி?

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மந்தி பெண்பால் ஆச்சே, 'குரங்கும் முசுவும் ஊகமும் மந்தி'ன்னு தொல்காப்பியம் மரபியல்லயே இருக்கு. தவிர, குரங்குன்னு நாமளே முடிவு கட்டக் கூடாது. நேபாளத்துல கும்ஜுங் மடாலத்துல இருந்த 'யெட்டி உச்சந்தலை'யை 1960-ல எவரெஸ்ட் ஏறின ஹிலாரி கடன் வாங்கி சிகாகோ, பாரிஸ், லண்டன்னு கொண்டுபோய்க் காட்டினாரு, கடைசில பாத்தா செரோங்கற மலையாட்டுத் தோல்ல செஞ்சது. 2017-ல எலும்பு, பல்லு, தோலு, முடின்னு 9 மாதிரிகளை டிஎன்ஏ சோதனை பண்ணப்போ 8 கரடி, 1 நாய். மலையேறி ஷிப்டன் 1951-ல மென்லுங் பனியாற்றுல பனிக்கோடாலியைப் பக்கத்துல வச்சு எடுத்த தடத்தோட படம் இன்னும் அப்படியே நிக்குது, அதை நான் மறுக்கல, ஆனா கரடி முன்னங்கால் வச்ச குழியிலேயே பின்னங்காலை வைக்கும், ரெண்டும் சேர்ந்து நீளமா ஒத்தைத் தடமாத் தெரியும், வெயில் பட்டு விளிம்பு உருகுனா இன்னும் அகலமாயிடும்.

அதனால என் கருத்து, பேருக்கு மொழிபெயர்ப்பே வேணாம், யெட்டின்னு அப்படியே எழுதுவோம். 'எட்டி'ன்னு மட்டும் எழுதிடாதீங்க, அது காஞ்சிரை மரம், 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன'ல வர்ற நஞ்சு மரம். சொல்லு தேவைப்படறது வகைக்குத்தான், அதாவது யெட்டி, அமெரிக்காவோட பிக்ஃபுட், மங்கோலியாவோட அல்மாஸ், லாக் நெஸ் ஏரி விலங்குன்னு, இருக்குன்னு பேச்சு மட்டும் இருந்து நிரூபணம் இல்லாத உயிருங்க எல்லாத்துக்கும் பொதுவா கிரிப்டிட்டுங்கறாங்களே, அதுக்கு.

நான் முதல்ல யோசிச்சது 'சுவட்டுயிர்'. தடம் மட்டும் கிடைச்சு ஆளு கிடைக்காதது. வீட்டம்மாகிட்ட சொன்னேன், ஏரிக்குள்ள இருக்கறதுக்கு ஏதுங்க சுவடுன்னு ஒரே போடாப் போட்டாங்க. அப்புறம் 'மறைவிலங்கு'. அதுல இருக்குது ஆனா ஒளிஞ்சிருக்குதுன்னு ஆயிடுது, அதுதானே வழக்கே.

இப்ப நான் முன்வைக்கிறது கேள்வியுயிர். கேள்விப்பட்டது மட்டும், கண்ணால பாத்து உறுதி பண்ணல. இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. கேள்வின்னா வினான்னுதானே எடுத்துப்பாங்கன்னு சண்டைக்கு வருவீங்க. எடுத்துக்கட்டும், அதுவும் பொருந்துதே. காதால கேக்கறதுங்கற பொருள் பழசுதான், வள்ளுவர் தனி அதிகாரமே வச்சிருக்காரு. 'கேள்வி விலங்கு'ன்னு போட்டா கைவிலங்கு ஞாபகம் வருது, அதான் உயிர்.

மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, கலைச்சொல் அட்டவணையில ஏத்திடறேன். இன்னொண்ணு, வரைவுல ஏற்கனவே நிறைய இடத்துல 'எட்டி'ன்னு தட்டச்சு ஆயிருக்கு, மாத்தறவங்க ஒவ்வொண்ணாப் பாத்து மாத்துங்க, ஒரேயடியா மாத்தி விட்டீங்கன்னா ஷெர்பா கூடாரத்துக்கு வெளிய 'யெட்டிப் பார்த்தார்'னு வந்து நிக்கும்.