கொப்பியை மூடிய பிள்ளை

கடலோரத்தான்:
போன விடுமுறையில் கொழும்பு வெள்ளவத்தையில் அக்காவின் டியூஷன் வகுப்பில் அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். பம்ப்-ப்ரோப் பற்றித்தான் பேசினேன்: ஒரு லேசர் துடிப்பால் பொருளைத் தட்டி, சற்றுப் பிந்தி வரும் இன்னொரு துடிப்பால் அதில் என்ன மாறியது என்று பார்க்கும் முறை. வனேடியம் டைஆக்சைட் 68 பாகை செல்சியஸில், மின்சாரம் கடத்தாத காவலியிலிருந்து உலோகமாகும். லேசர் துடிப்பு பட்டால் அது ஒரு பிக்கோசெகண்டுக்குள்ளேயே (ஒரு செகண்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) மாறத் தொடங்கிவிடும். பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "அண்ணா, இதைக் கொழும்பில செய்யேலுமா?" என்று கேட்டது. யோசிக்கவே இல்லை, "ஏலாது" என்றேன். பிள்ளை கொப்பியை மூடி பேனாவையும் மூடிவிட்டது. பேச்சு முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

நூல்பிடி:
பொய்யா சொன்னீர்கள்? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் போன ஊர் இது. அந்த லேசரை அணையாமல் வைத்திருக்க முதலில் மின்சாரம் வேண்டும்.
கருவி இருந்தாலும் லேசில்லை. என் முதல் வருடம், இரண்டு துடிப்பும் ஒன்றாக வந்து சேரும் புள்ளியை மூன்று வாரம் தேடினேன். 100 ஃபெம்டோசெகண்டில், அதாவது பிக்கோசெகண்டின் பத்தில் ஒரு பங்கில், ஒளி போவது 30 மைக்ரோமீட்டர்தான். நான் ஒளி போகும் பாதையை நூல் பிடித்து அளந்து, ஒளியைத் திருப்பும் ஒரு கண்ணாடியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். பேராசிரியர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

பென்சில்கரி:
நூல்பிடி, கரண்டை விடுங்கள். ஒரே ஒரு அணு தடிப்புள்ள கரித்தாளான கிராஃபீனை 2004இல் மான்செஸ்டரில் ஸ்கொட்ச் டேப்பால்தான் உரித்தெடுத்தார்கள். அதை உரிக்கும் பென்சில் காரீயம் (கிராஃபைட்) இலங்கையில், நம் போகல சுரங்கத்திலேயே கிடக்கிறது. மாதிரியை இங்கே செய்து அளவீட்டுக்கு வெளியே அனுப்பலாமே! "ஏலாது" பாதிப் பதில்தான்.

பாதுகாப்புக்காரி:
எங்கள் ஆய்வுகூடத்தில் ஒருவர் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தார், கண் நேரே லேசர் கற்றையின் உயரத்துக்கு வந்தது. நல்லகாலம், ஷட்டர் மூடியிருந்தது. ஆகவே தம்பி தங்கைகளே: கற்றையைத் தெறிக்க வைக்கும் மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். குனிய வேண்டுமென்றால் கண்ணை மூடுங்கள். 800 நானோமீட்டர் லேசர் ஒளி மங்கலான சிவப்பாகத்தான் தெரியும், பலம் குறைவு என்று நம்பிப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். அப்புறம், பதவி உயர்வு வரவில்லை என்று வேலையை விடவும் வேண்டாம். லேசர் இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் 2018இல் நோபல் பெற்றபோது இணைப் பேராசிரியர்தான். பரிசுக்குரிய கட்டுரை 1985இல், மாணவியாக இருந்தபோது எழுதியது. பதவி உயர்வு விண்ணப்பப் படிவத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

கடலோரத்தான்:
பாதுகாப்புக்காரி, கண்ணாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே.
பென்சில்கரி, டேப் விஷயம் அன்று வாயில் வரவில்லை. நேற்று அக்காவிடம் அந்தப் பிள்ளையைப் பற்றி விசாரித்தேன். பரீட்சை முடிந்து அந்த வகுப்பே கலைந்துவிட்டதாம். "பின்வாங்கில நாலு பேர் இருந்தவை, நீ எந்தப் பிள்ளையைச் சொல்லுறாய்?" என்றாள்.