வலிப்பு வந்த பிள்ளையின் வீடியோ: அண்ணனிடம் எப்படிச் சொல்ல?

கேள்வி (பாளையங்கோட்டை):
அண்ணன் மகனுக்கு ஒன்றரை வயசு. செவ்வாய் ராத்திரி காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. ஆச்சி பதறிப்போய்ச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க, ரெண்டு நிமிஷத்தில் அதுவாக நின்றது. தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஸ்கேன் வேண்டாம், ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார். அண்ணனுக்குக் கோபம். பிள்ளை அசந்து கிடப்பதை எடுத்து "கவனிக்க ஆளில்லை" என்று ஊர் ஃபேஸ்புக் குரூப்பில் போட்டுவிட்டான். விடியுமுன் 300 கமெண்ட். பாதிப் பேர் டாக்டரை அடிக்கச் சொல்கிறார்கள், மீதிப் பேர் காய்ச்சல் ஏறும்வரை தாய் என்ன செய்தாள் என்கிறார்கள். பிள்ளை இப்போது ஓடி விளையாடுகிறான், மயினிக்குத்தான் சோறு இறங்கவில்லை. டாக்டர் செய்தது தப்பா?

பதில் 1 (அம்பாசமுத்திரம் பக்கம், நர்ஸ்):
தப்பில்லை தம்பி. 6 மாதத்திலிருந்து 5 வயதுவரை காய்ச்சலோடு இப்படி வரும். சீக்கிரம் நின்று, பிள்ளை தெளிந்து ஆளை அடையாளம் கண்டால் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. அடுத்த தடவை வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108. சாவி ஒன்றும் செய்யாது. வாயில் கரண்டியைத் திணித்து உதடு கிழிந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கமெண்ட் கூட்டமும் எனக்குப் புதிதில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போடப் பள்ளிக்கூடம் போனால், வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி "என் பிள்ளைக்குப் போட வேண்டாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்து விட்டிருந்தார்கள்.

பதில் 2 (தென்காசி):
நர்ஸக்கா, எல்லா வீடியோவையும் ஒரே தராசில் வைக்காதீங்க. 2021-இல் தசைநார் நோய் வந்த நம்ம மாநிலக் குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி வாங்க இதே ஜனங்கள்தான் ஆளாளுக்குப் பணம் போட்டார்கள், இறக்குமதி வரியும் தள்ளுபடி ஆனது. ஆனால் தம்பி, டாக்டர் மேல் குறை இருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டோடு ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீசில் எழுதிக் கொடுங்க, இல்லை மருத்துவ கவுன்சிலுக்கு எழுதுங்க. பிள்ளை முகத்தை ஊருக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது?

கேட்டவர்:
நர்ஸக்கா எழுதியதை அண்ணனிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, அப்புறம் அவனே வீடியோவை எடுத்துவிட்டான். சரி, முடிந்தது என்று இருந்தால், இன்று காலையில் சங்கரன்கோவில் சித்தப்பா அதையே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பியிருக்கிறார், "யார் பெற்ற பிள்ளையோ பாவம்" என்று.